புயலுக்கு மறுநாள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் அரசு வெளியிடும் முன்னெச்சரிக்கைப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். டார்ச் லைட், பேட்டரி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், முதலுதவிப் பெட்டி, ரேஷன் கார்டையும் பத்திரங்களையும் சுற்றிவைக்க ஒரு பிளாஸ்டிக் பை. பட்டியலில் தவறேதும் இல்லை. ஆனால் அதை எழுதியவர் மனத்தில் இருந்தது ஓர் இரவு. காற்றடிக்கும் ஆறேழு மணி நேரத்தைக் குடும்பம் உயிரோடு கடந்துவிட்டால் போதும், விடிந்ததும் கரண்ட் வரும், குழாயில் தண்ணீர் வரும், கடை திறக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் அந்த நம்பிக்கையைக் கஜா புயல் 2018இலேயே உடைத்துப் போட்டது. பட்டியல் மட்டும் மாறவில்லை. இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டைப் புயலுக்குத் தயார்ப்படுத்துவதென்றால், காற்றடிக்கும் இரவைவிட அதற்கடுத்த இருபது நாளைத்தான் முக்கியமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி எச்சரிக்கை வருவதற்கு மாதங்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நேரம். தரையைத் தொட்டதும் புயல் தளர்ந்துவிடும் என்பது பொது அனுபவம். கஜா அவ்வளவு சீக்கிரம் தளரவில்லை. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று மேற்கே நகர்ந்து, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு, திண்டுக்கல் பக்கம் போய், பிறகு அரபிக் கடலில் இறங்கியது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. இவற்றைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டிய கணக்கு வேறொன்று உண்டு. புயல் கரையேறுவதற்கு முன் தாழ்வான பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்டு முகாம்களில் தங்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். புயல் போன பிறகு முகாம்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர். அதாவது, ஆபத்து என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலானவர்கள், விடிந்த பிறகுதான் தங்களுக்கு வீடில்லை என்பதைக் கண்டார்கள். கடலோரத் தாழ்வான பகுதி என்ற கணக்குக்குள் அவர்கள் வரவில்லை. தோப்புக்குள் வீடு கட்டி, கடலை நினைக்காமல் வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

புதுக்கோட்டைக்குக் கடற்கரை உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் நீரிணையை ஒட்டிச் சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு அது ஓடுகிறது. அங்குள்ள மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு இறங்காது. சிக்கல் உள்பகுதியில்தான். கடலிலிருந்து இருபது முப்பது கி.மீ. தள்ளி இருப்பவர்கள் வானொலியில் கேட்கும் செய்தியில் 'கடலோர மாவட்டங்கள்' என்ற சொல்லைத் தங்களுக்கானதாக எடுத்துக்கொள்வதில்லை. தங்களுக்கு மழைதான் வரும் என்று நினைக்கிறார்கள். மழையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வறண்ட பூமியில் அதை நினைத்து யார் பயப்படுவார்கள்?

ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை முறையில் உள்நாட்டுக்கென்றே ஒரு படி இருக்கிறது. நான்கு படிகளாகச் செய்தி வருகிறது. கடலில் புயல் உருவாகும் வாய்ப்புத் தெரிந்ததும் மூன்று நாள் முன்பாக ஒன்று, கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பாக ஒன்று, ஒரு நாள் முன்பாக ஒன்று. நான்காவது, புயல் கரையேறுவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பாக வருவது. கரையேறிய பிறகு அது எந்தத் திசையில் போகும், உள்மாவட்டங்களில் காற்று எப்படி இருக்கும் என்பதைச் சொல்வது. ஆலங்குடிக்காரருக்கும் கறம்பக்குடிக்காரருக்கும் உரிய செய்தி அந்த நான்காவதுதான். தொலைக்காட்சிகள் அதற்குள் கடற்கரையில் அலைகளைக் காட்டத் தொடங்கிவிடுகின்றன. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கஜா உருவான தொடக்க நாள்களில் அது கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையேறும் என்றுதான் கணிக்கப்பட்டது. பிறகு அந்தக் கணிப்பு தெற்கே நகர்ந்து கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றானது. ஒரு நாள் முன்பாகச் சொல்லப்படும் பாதையில்கூடச் சராசரியாக எழுபது எண்பது கி.மீ. பிசகு வரும் என்பது வானிலைத் துறையே ஒப்புக்கொள்ளும் கணக்கு. நாகப்பட்டினத்துக்கு என்று சொல்லப்படும் புயலைக் கீரமங்கலம் தன்னுடையதாக நினைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உள்பகுதியில் கொல்வது காற்றும், காற்று சாய்ப்பவையும். காற்று கொடுக்கும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 60 கி.மீ. காற்றைத் தாங்கிய கூரை 120 கி.மீ. காற்றில் தாங்க வேண்டியது இரண்டு மடங்கு சுமை என்று நினைத்துவிடக் கூடாது, நான்கு மடங்கு. ஆண்டுதோறும் ஆடிக் காற்றைத் தாங்கிய வீடு இதையும் தாங்கிவிடும் என்ற கணக்கு அங்கேதான் தவறுகிறது. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரையைக் காற்று மேலிருந்து அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு பிய்த்துக்கொண்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளுகிறது. ஓரங்கள், மூலைகள், முகடு ஆகிய இடங்களில்தான் இந்த இழுப்பு அதிகம். ஆகவே கூரைத் தகட்டின் மேல் நான்கு கல்லைத் தூக்கி வைப்பதால் பயன் குறைவு. அந்தக் கல்லே கீழே வந்து விழலாம். ஓரங்களிலும் முகட்டிலும் ஜே போல்ட்டை நெருக்கமாகப் போட்டு முறுக்குவதும், துருப்பிடித்ததை மாற்றுவதும்தான் காக்கும் வேலை. கொத்தனாரோ தகரம் வேய்பவரோ ஒருநாள் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. புயல் எச்சரிக்கை வந்த நாளில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

மரங்களும் அப்படித்தான். இந்தப் பகுதியின் செல்வமே மரம்: தென்னை, பலா, மா, வாழை, முந்திரி. வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்காமல் தோப்புக்குள் ஆங்காங்கே இருக்கின்றன. வெயிலுக்கு அது சொர்க்கம். புயல் இரவில் அதே நிழல் தலைக்கு மேல் தொங்கும் பாரமாகிறது. இதற்காக வீட்டைச் சுற்றியுள்ள மரங்களையெல்லாம் வெட்டுங்கள் என்று சொல்வது கேலிக்கூத்து. கூரை மேல் நீண்டு கிடக்கும் பலா, வேம்புக் கிளைகளைக் கழிப்பது, தென்னையில் முற்றிய காய்களை இறக்கி அடி மட்டைகளை வெட்டிக் காற்று பிடிக்கும் பரப்பைக் குறைப்பது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது போன்றவை தோட்டக்கலைத் துறையே ஒவ்வொரு பருவத்திலும் சொல்பவை. இவற்றுக்கு மரம் ஏறுபவர் வேண்டும். அவர் கையில் இருக்கும் நாள் ஐப்பசிக் கடைசியில் போதாது. புரட்டாசியிலேயே ஆரம்பித்தால்தான் ஊர் முழுக்க முடியும். வீட்டுக்குச் செல்லும் மின்கம்பியின் மேல் சாய்ந்த கிளை என்றால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அதுவும் ஒரே நாளில் நடக்காது.

இத்தனை செய்தாலும் சில வீடுகளில் அந்த இரவு தங்கக் கூடாது. கீற்றுக் கூரை, பழைய ஓட்டு வீடு, மண் சுவர், பெரிய மரத்தடி என்றால் விவாதத்துக்கு இடமில்லை. எங்கே போவது என்பதுதான் கேள்வி. கடலோரக் கிராமங்களில் பேரிடர் காலத்துக்கென்று கட்டிய கட்டடங்கள் சில உண்டு. உள்ளே வந்தால் பள்ளிக்கூடமும் தெருவில் தளம் போட்ட இரண்டு மூன்று வீடுகளும்தான். யார் வீட்டுத் திண்ணை வரை யார் போகலாம் என்பதைச் சிமெண்டும் கம்பியும் மட்டும் முடிவு செய்வதில்லை என்பது நம் ஊர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். நள்ளிரவில் மழையில் நனைந்தபடி அதைப் பேசித் தீர்க்க முடியாது. ஒவ்வொரு கூரை வீட்டுக்கும் எந்தத் தள வீடு அல்லது எந்த வகுப்பறை, சாவி யாரிடம் என்பதைப் பருவமழைக்கு முன்பே தெருவாகப் பேசிவைக்க வேண்டும். போகும்போது மாட்டை அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்; கட்டுத்தறியில் கட்டிய மாடு கொட்டகை விழுந்தால் தப்பாது. நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் புயல் போய்விட்டது என்று வெளியே வரக் கூடாது. அது புயலின் மையமாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று திரும்பும். ஒரு பக்கமாக வேர் நெகிழ்ந்து நிற்கும் மரத்தை மறுபக்கம் தள்ளிச் சாய்ப்பது அந்த இரண்டாவது காற்றுதான்.

இதுவரை சொன்னது இரவைப் பற்றி. மறுநாள் காலையில்தான் புதுக்கோட்டையின் தனித்த சோதனை தொடங்குகிறது: புயலுக்குப் பிறகு தாகம். காவிரிப் பாசனத்தின் வால் பகுதியைத் தாண்டினால் இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை திறந்த கிணறுகள் இருந்தன. கயிறும் வாளியும் இருந்தால் தண்ணீர் கிடைத்தது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணறுகள் தூர்ந்து, நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போர் போட்டு, அதன் அடியில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கியாயிற்று. வயலுக்கும் அதுதான், ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான். பாசனத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும்போது வேறு வழி யோசிக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஆகவே கம்பம் சாய்ந்த நிமிடமே காலுக்குக் கீழே நீர் இருந்தும் குடிக்க வழியில்லை. கஜாவுக்குப் பின் கிராமம் கிராமமாக ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, தெருவுக்கு இத்தனை நேரம் என்று முறை வைத்துப் பிடித்தார்கள். அதே ஜெனரேட்டரில் காசு கொடுத்துச் செல்போனுக்கு சார்ஜ் போட்டார்கள். மெழுகுவத்தி வாங்கி வைக்கச் சொல்லும் பட்டியல், இருபது நாளுக்கு எத்தனை பெட்டி என்று சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி 'போதுமான அளவு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

போதுமான அளவு என்றால் எவ்வளவு? பேரிடர் நிவாரணத்தில் உலக அளவில் கையாளும் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கைகால் கழுவ எல்லாம் அதற்குள். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 75 லிட்டர். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பியிருந்தால் சிக்கனமாகப் பதின்மூன்று நாள் ஓட்டலாம். நிரம்பிய தொட்டிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு டன் எடையுள்ள தொட்டியைக் காற்று எளிதில் அசைக்காது; காலித் தொட்டியோ மொட்டைமாடியிலிருந்து பறந்துபோய் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை மோட்டாரைப் போடுவது. தொட்டி இல்லாத வீட்டில் குடம், அண்டா, டிரம் என்று உள்ளவற்றையெல்லாம் நிரப்பி, மூடி, குடிப்பதற்கு மட்டும் ஒரு பங்கைத் தனியே வைக்க வேண்டும். மாடு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும். இரண்டு மாடு ஐந்து மனிதர்களைவிட அதிகம் கேட்கும். அந்தத் தண்ணீர் குளத்திலும் ஊருணியிலும்தான் இருக்க முடியும். அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாரியை அடைத்துப்போட்ட ஊர், மாட்டுக்கும் ஜெனரேட்டர் தண்ணீரைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

ஜெனரேட்டர் விஷயத்திலும் முன்யோசனை இல்லையென்றால் பணம் கொடுத்தும் பயன் கிடைக்காது. 7.5 குதிரைத்திறன் மோட்டாரைக் கிளப்ப, அது ஓடும்போது இழுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு திறன் வேண்டும். கடைக்கு வெளிச்சம் போடும் சின்ன ஜெனரேட்டர் அதற்கு உதவாது. தக்க அளவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பந்தல்காரர்களும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும்தான். எந்த ஊர்த் தொட்டிக்கு யாருடைய ஜெனரேட்டர், வாடகை என்ன, டீசல் யார் வாங்குவது என்பதை ஊராட்சி முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொண்டால் புயலுக்குப் பிறகு ஏறும் விலையிலிருந்து ஊர் தப்பும். மோட்டார் அறையில் மின்வாரிய இணைப்பையும் ஜெனரேட்டரையும் மாற்றிப் போடும் சுவிட்சைப் பொருத்துவது கட்டாயம். அது இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால், செத்துக் கிடப்பதாக நினைக்கும் கம்பியில் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, அதைச் சரிசெய்ய எங்கிருந்தோ வந்த லைன்மேனைக் கொல்லும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்தால் அதன் புகை வீட்டில் இருப்பவர்களைக் கொல்லும். அடிபம்பு இன்னும் வேலை செய்யும் தெரு அதிர்ஷ்டம் செய்தது. ஏறத்தாழ 150 அடிக்குள் நீர்மட்டம் இருக்கும் இடங்களில் அதை மட்டும் பழுதுபார்த்து வைத்தாலே மேற்சொன்ன பாடு பாதி குறையும். குழாய் வந்ததும் முதலில் கைவிடப்பட்டது அடிபம்புதான் என்பது வேறு கதை.

புயலைவிட அதற்குப் பின் வரும் நாள்களே கொடியவை என்பது இங்கு மட்டும் கண்ட அனுபவம் இல்லை. 2017 செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா புயல் தாக்கியபோது அத்தீவின் அரசு முதலில் சொன்ன பலி எண்ணிக்கை 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுத்த ஆறு மாதத்து மரணங்களை வழக்கமான ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 2,975 என்றார்கள், அரசும் ஏற்றுக்கொண்டது. வித்தியாசம் முழுவதும் காற்றில் பறந்த தகரத்தால் வந்ததில்லை. மின்சாரமும் மருந்தும் மருத்துவமனையும் எட்டாமல் போன நாள்களில் போன உயிர்கள் அவற்றில் பெரும்பகுதி. ஜப்பானில் 2019 செப்டம்பரில் சிபா மாநிலத்தில் புயலில் மரங்கள் மின்தடங்களின் மேல் விழுந்து பல பகுதிகள் இரண்டு வாரத்துக்கு இருட்டில் கிடந்தன. தண்ணீர் ஏற்றும் நிலையங்களும் நின்றன. அதே ஆண்டு மே மாதம் ஒடிசாவில் ஃபானி புயலுக்கு முன் சுமார் 12 லட்சம் பேரை அப்புறப்படுத்தி உலகத்தின் பாராட்டைப் பெற்றார்கள். 1999 புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை இழந்த மாநிலம் அது, பாராட்டு தகும். ஆனால் பூரி நகரத்துக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. உயிரைக் காப்பாற்றும் கலையை நாம் ஓரளவு கற்றுவிட்டோம். காப்பாற்றிய உயிரை அடுத்த மாதம் வரை எப்படி வைத்திருப்பது என்பதில் வசதியுள்ள நாடுகளே தடுமாறுகின்றன.

மருந்து என்றதும் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத தெரு இன்று கிராமத்திலும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவது நல்லது. அது தீரும் தருவாயில் புயல் வந்தால் என்ன செய்வது என்பதை யோசித்து, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மாதத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஃபிரிட்ஜ் நின்றதும் பயந்துவிடத் தேவையில்லை. பயன்பாட்டில் உள்ள குப்பி குளிர்ந்த அறையில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்தால் போதும். பிரசவ நாள் நெருங்கியவர்களைக் காற்று தொடங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். மரங்கள் விழுந்த சாலையில் 108 வண்டியும் நிற்கத்தான் செய்யும்.

இத்தனையும் வசதி உள்ளவர்களுக்கான அறிவுரை, அன்றாடம் கூலிக்குப் போகிறவர் இருபது நாள் அரிசிக்கும் தொட்டிக்கும் எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வீட்டுக்குள் கிடைக்காது, தெருவில்தான் கிடைக்கும். நான் மேலே சொன்னவற்றில் விலை கூடிய பொருள்கள் எவையும் வீட்டுக்கு ஒன்றாகத் தேவைப்படுபவை இல்லை. மரம் அறுக்கும் மெஷின் தெருவுக்கு ஒன்று போதும். கஜாவுக்குப் பிறகு சாலைகளைத் திறந்தவர்களில் அரிவாளும் கோடரியும் எடுத்துவந்த ஊர் இளைஞர்களும் இருந்தார்கள். பெரிய தொட்டி, அடிபம்பு, ஜெனரேட்டர் எல்லாம் பொதுவில் இருக்க வேண்டியவை. கூலி வீட்டுக்கு மட்டும் தேவையானது தார்ப்பாய் ஒன்று. புயலுக்குப் பிறகு அதற்கு அலைந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். முன்னதாகவே ரேஷன் அரிசியைப் பருவமழைத் தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் பாதி பிரச்சினை தீரும். அதை அரசுதான் செய்ய வேண்டும்.

அப்படியானால் எல்லாமே அரசின் வேலைதானே, வீட்டுக்காரர் தலையில் ஏன் சுமத்துகிறீர்கள் என்பது அடுத்த ஆட்சேபம். 2018 நவம்பர் 16 காலையில் முன்னெச்சரிக்கைப் பணிகளை அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலினே பாராட்டினார். மறுநாள் சாலை மறியல்கள் தொடங்கின. ஆலங்குடி அருகே கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் கொளுத்தப்பட்டன, பலர் கைதானார்கள். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஹெலிகாப்டரில் புதுக்கோட்டைக்கு வந்தது நவம்பர் 20 அன்று. பாராட்டும் கோபமும் இரண்டுமே பொய்யில்லை: முதலாவது புயலுக்கு முந்திய வேலைக்கு, இரண்டாவது மறுநாளுக்கு. அரசின் கடமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கம்பங்களின் கணக்கைப் பாருங்கள். சாய்ந்தவை ஒரு லட்சம். நாளொன்றுக்கு ஐயாயிரம் கம்பம் நட்டாலும் இருபது நாள். பிற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த ஊழியர்கள் சேற்றில் நின்று இரவு பகலாக வேலை செய்தார்கள். அப்படியும் நகரங்களுக்கு முதலில், தோப்பு வீடுகளுக்குக் கடைசியில் என்றுதான் வெளிச்சம் வந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணிதம் மாறாது. மின்தடங்களைப் புதைவடமாக்கும் வரை, தோப்பு வீட்டுக்காரர் தன்னைக் கடைசி ஆளாகவே கணக்கிட்டுத் திட்டமிட வேண்டும்.

எச்சரிக்கை பொய்த்துப்போவதைப் பற்றியும் பேச்சு உண்டு. 2020 நவம்பரில் நிவர் வந்தபோது புதுக்கோட்டை உட்பட ஏழு மாவட்டங்களில் பேருந்துகளை நிறுத்தினார்கள். புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறியது. ஒரு வாரம் கழித்து வந்த புரெவி மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. இப்படி இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டார் என்கிறார்கள். ஒருநாள் பரபரப்பை மட்டுமே தயாரிப்பு என்று நினைத்தால் அந்தச் சலிப்பு வரத்தான் செய்யும். கிளை கழித்தது, போல்ட் முறுக்கியது, அடிபம்பைச் சரிசெய்தது எதுவும் புயல் வராததால் வீணாவதில்லை. சித்திரையில் கரண்ட் போகும்போதும், வறட்சியில் போர் வற்றும்போதும் அதே தொட்டியும் அதே பம்பும்தான் கைகொடுக்கும். கஜா போன்றது ஒரு ஆயுளில் ஒருமுறை வருவது என்ற ஆறுதலும் இதே ரகம். 1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளில் பழைய தஞ்சைக் கடற்கரையைப் பெரும் புயல்கள் தாக்கின. 1977க்கும் 2018க்கும் இடையே நாற்பத்தோரு ஆண்டு; 1952க்கும் 1955க்கும் இடையே மூன்றே ஆண்டு. இடைவெளி நீண்டதாக இருந்ததால்தான் 2018இல் இளைஞர்களுக்கு எதுவும் தெரியவில்லை, தெரிந்த பெரியவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள்.

கடைசியாக, யாரும் புயலோடு சேர்த்துப் பேசாத ஒரு தயாரிப்பு: காகிதம். கஜாவுக்குப் பின் தென்னை மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. பல ஆண்டு காய்க்கும் மரத்துக்கு அது ஈடாகுமா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தொகையும் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே பெயரில் பொருந்தினால்தான் சிக்கலில்லாமல் வந்து சேரும். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் நிலத்தில் விழுந்த மரத்துக்கு, பேரன் யார் யாரிடமோ கையெழுத்து வாங்கித் திரிய வேண்டும். தோப்பில் எத்தனை மரம், என்ன வயது, வீட்டின் நிலை என்ன என்று நிற்கும்போதே செல்போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவைத்தால், கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாதாட ஓர் ஆதாரம் இருக்கும். பட்டாவை மாற்றுவதற்கு ஜமாபந்தியில் மனு கொடுக்கலாம். அது பெரும்பாலும் வைகாசி வாக்கில் நடக்கும்; ஐப்பசிக்கு அப்போது இன்னும் ஐந்து மாதம் இருக்கும்.